பச்சை ஏறிய வெள்ளைக் கோட்டு

உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவைத் திறந்தால், நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலம் இன்றைக்கும் மணக்கிறது. கதவுக்குப் பின்னால் கொழுவியில் உங்கள் அம்பயர் கோட்டு தொங்குகிறது. இரண்டு வருடமாக நான் அதைத் தோய்க்கவில்லை. ஏன் என்று நேரில் சொல்ல இருந்தேன். இனி எழுதத்தான் முடியும்.

என் பேத்தி மதுரா உங்கள் ஐரிஷ் கழகத்துப் பெண்கள் அணியில் கேலிக் என்கிற ஐரிஷ்காரர் கால்பந்து விளையாடப் போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலாலும் அடிக்கிறார்கள், கையாலும் பிடிக்கிறார்கள். கோல் கம்பத்தடியில் நின்று கொடி காட்டுகிற நீங்கள்தான் படிப்பித்தீர்கள். பந்து வலைக்குள் போனால் பச்சைக் கொடி, மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் வெள்ளைக் கொடி, ஒரு புள்ளி. வெளியால் போனால் இரண்டு கையையும் குறுக்கே வீச வேண்டும்.

"நான் அஞ்சாம் வகுப்பு. எனக்கு உதெல்லாம் ஏறாது" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னதை மதுரா தமிழில் தந்தாள்: "இதுக்குப் படிப்பு வேண்டாமாம் அம்மம்மா. கண் இருந்தாப் போதுமாம்."

கழகத்தில் மாதத்துக்கு ஒரு வீடு ஜேர்சிப் பையைக் கொண்டுபோய்த் தோய்க்கும். இறுதிப் போட்டி வந்த மாதம் எங்கள் முறை. புதுப் பச்சை ஜேர்சிகளோடு உங்கள் வெள்ளைக் கோட்டையும் சுடுதண்ணீரில் போட்டுவிட்டேன். பயறு ஊறின தண்ணீர் நிறத்தில் வெளியே வந்தது. நான் வெட்கத்தில் குறுகி நிற்க, நீங்கள் அதையே போட்டுக்கொண்டு கம்பத்தடிக்குப் போனீர்கள். அம்பயரே அவர்களின் நிறத்தில் நிற்கிறார் என்று எதிரணிக்காரர் கூவிச் சிரித்தார்கள்.

நம் பெண்கள் அதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. ஒரு புள்ளிதான் பின்னால். கடைசி நிமிடத்தில் மதுரா அடித்தாள். பந்து வலது கம்பத்தை உரசுவதுபோலப் பறந்தது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நீங்கள், உங்கள் சொந்தக் கழகத்துக்கு எதிராக, அந்தப் பச்சைக் கைகள் இரண்டையும் குறுக்கே வீசினீர்கள்.

பிறகு என்னிடம் வந்து "அம்மம்மா" என்றீர்கள். கழகமே என்னை அப்படித்தான் கூப்பிடும். நான் முகத்தைத் திருப்பினேன். நான் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் பெட்டியை எல்லோருக்கும் நீட்டினேன், உங்களைத் தாண்டிப் போனேன். வீட்டுக்கு வந்து ஜேர்சி அத்தனையையும் தோய்த்தேன். பையோடு திரும்பி வந்த உங்கள் கோட்டை மட்டும் வேண்டுமென்றே கொழுவியில் விட்டேன்.

அடுத்த பருவம் நீங்கள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்றார்கள். கோபத்தில் நான் பார்க்க வரவில்லை. அந்த வருடம் கோப்பை எங்களுக்கு. கிரெய்கிபர்ன் வீட்டுக்குத் திரும்பும் வழியில், அதை மடியில் வைத்துக்கொண்டு மதுரா சொன்னாள்:

"அம்மம்மா, போன வருஷம் என்ர பந்து வெளியாலதான் போனது. ஐ சோ இட், நான் கண்டனான்."

"அடி, ஏன் அப்ப சொல்லேல்லை?"

"நீங்கள் எனக்காகக் கோவிச்சது எனக்கு நல்லா இருந்தது."

கோட்டைத் தோய்த்து, அயன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை உங்கள் கட்டிலடிக்குக் கொண்டுவர நினைத்தேன். வியாழக்கிழமை செய்தி வந்தது. உங்கள் சவப்பெட்டியின் மேல் விரித்த ஜேர்சியை அயன் பண்ணினது நான்தான். அது உங்களுக்குத் தெரியவா போகிறது?

இப்போது கம்பத்தடிக்கு ஆள் இல்லை. "நீங்கள் நில்லுங்கோவன் அம்மம்மா" என்று மதுரா கேட்கிறாள்.

"உன்ர பந்து வெளியால போனா கையை வீசிப்போடுவன் பிள்ளை."

"ஓம். வீசுங்கோ."

வருகிற ஞாயிறு உங்கள் கோட்டைத்தான் போடப் போகிறேன், தோய்க்காமல். கோட்டின் கை எனக்கு நீளம். மடித்துவிட்டுக்கொள்வேன். வெட்டித் தைக்க மனம் வரவில்லை.