சுவர்ப் பக்கம் பார்க்காமல் வாங்கிய பிக்கப்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். டெக்சாஸில் வெயில் குறைந்ததா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மொண்டானாவில் பனி கொட்டுகிறது. இரண்டு காலுறை போட்டுக்கொள்கிறேன், கவலை வேண்டாம்.

கால்நடை மருத்துவரிடம் வேலை என்றால் வண்டி இல்லாமல் முடியாது. அதனால் மலிவாக ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். இந்த வகை வண்டியில் 'சி' என்று எழுத்து இருந்தால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும், 'கே' என்று இருந்தால் நாலும் இழுக்கும் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. அதை விற்ற ஆர்வில் கிழவர் கொட்டகைச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார். வெளியே தெரிந்த பக்கத்து மட்கார்டில் பளிச்சென்று 'கே' இருந்தது.

நேற்று ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போகும்போது மேட்டில் சிக்கிக்கொண்டேன். பண்ணைக்கார ஹாகன் அம்மா டிராக்டரோடு வந்தார்.

"முன்சக்கரம் ரெண்டும் சும்மா நிக்குதே?"

"நாலும் இழுக்கும்மா. 'கே'ன்னு போட்டிருக்கு பாருங்க."

அவர் மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்தார். "இங்க 'சி'ன்னு இருக்கே. நீ எந்தப் பக்கத்தைம்மா வாங்கின?"

ஒரு மட்கார்டு வேறு வண்டியுடையதாம். டிராக்டரிலேயே போய்க் கன்றை எடுத்தோம். தாயும் கன்றும் நலம். ஆர்வில் கிழவரிடம் கேட்டதற்கு, "சுவத்துப் பக்கம் நீ எட்டியே பாக்கலியே" என்று காபி ஊற்றிக் கொடுத்தார்.

பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்கச் சுற்றும் உங்கள் டயர் சங்கிலி வேண்டும், அப்பா. தபாலில் போடாதீர்கள், கனம் அதிகம். நீங்களே எடுத்துவந்தால் நல்லது. ஞாயிறுகளில் வீட்டில்தான் இருப்பேன். இன்னொரு நாற்காலியும் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மருத்துவர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்
மார்னி