நோயாளர் இல்லாத சிறுநீரக நலன்புரிக் குழு

அனுப்புநர்:
எச். எம். யசவதி,
செயலாளர், சிறுநீரக நோயாளர் சங்கம்,
எல்லகும்புக்வெவ.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்.

பொருள்: வைத்தியசாலைப் பேருந்து ஊருக்குள் வருவதை நிறுத்தியமை, நலன்புரிக் குழுவில் நோயாளரைச் சேர்க்க மறுத்தமை தொடர்பாக.

கனம் ஐயா,

1. எமது சங்கத்தில் சேரத் தேவையான தகுதி ஒன்றுதான்: சிறுநீரகம் கெட்டிருக்க வேண்டும். நானும் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்து உயிர் வாழ்பவள். நோய் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தேன். சங்கத்தைத் தொடங்கிய தலைவர், விவசாயி ரன்பண்டா, வீடு தேடி வந்தார். இயந்திரத்தின் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்துச் சத்திரசிகிச்சை செய்திருந்த தன் கையை நீட்டி, "தொட்டுப் பார் தங்கச்சி, தண்ணி இறைக்கிற மோட்டர் மாதிரி ஓடுதா? இது ஓடுற வரைக்கும் நானும் ஓடுவன். நீயும் எழும்பி வா" என்றார். எழுந்தேன். அப்படி அவர் எழுப்பிவிட்டவர்கள் எமது ஊரில் பலர். அலுவலகங்களின் படியேறி இறங்கி, வைத்தியசாலைப் பேருந்தை ஊருக்குள் வரவழைத்தவரும் அவரே.

2. சென்ற ஆண்டு எமது பிரதேசத்தில் சிறுநீரக நலன்புரிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற அதிபர், அரிசி ஆலை உரிமையாளர், உரக்கடை முதலாளி ஆகியோர் அதில் உள்ளனர். வயலுக்குப் போடும் உரமும் மருந்தும்தான் எமது சிறுநீரகத்தைக் கெடுத்தன என்று ஊரில் பேச்சு; உரக்கடை முதலாளி பற்றி நான் எதுவும் கூற விரும்பவில்லை. நோயாளர் ஒருவரும் இல்லை. காரணம் கேட்க ரன்பண்டாவும் நானும் சென்றோம். பொறுப்பான உத்தியோகத்தர் மிகவும் மரியாதையாகவே பதிலளித்தார்: "கோவிக்காதீங்க அக்கா. குழுவின்ட காலம் மூண்டு வருசம். உங்கட ஆக்கள் அதுவரைக்கும் இருப்பாங்க எண்டு என்ன நிச்சயம்? இடையில இடையில ஆள் மாத்த ஏலாது."

"சரி மகன், அப்ப எங்களுக்குச் சுகமான பிறகு சேர்த்துக்கொள்ளுங்க" என்று ரன்பண்டா சிரித்தார்.

3. குழுவின் முதல் தீர்மானம் பேருந்தைப் பற்றியது. குளக்கட்டுப் பாதை பேருந்தைப் பழுதாக்குகிறதாம். எனவே நோயாளரே பிரதான வீதிச் சந்திக்கு நடந்து வர வேண்டுமாம். நடந்தோம். வழியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் நடந்தோம். எழுத்தில் முறையிட்டோம், பதில் இல்லை.

4. மார்கழி மழையில் குளம் நிரம்பி வான் பாய்ந்து, வெள்ளம் குளக்கட்டுப் பாதையை மூடியது. தண்ணீருக்கு இப்பால், சந்திப் பக்கம் வசிக்கும் சிலர் பேருந்தில் ஏறிவிட்டோம். ரன்பண்டா தண்ணீருக்கு அப்பால் குடையுடன் நின்றார். முந்திய மாரியில் இதே தண்ணீரை இதே பேருந்து கடந்திருக்கிறது. காலால் கடக்க முடியாது. சாரதியிடம் கெஞ்சினேன். "ஏலாது அக்கா, அந்தப் பக்கம் போனா என்ட வேலை போயிடும்" என்றார் அவர். ரன்பண்டா அக்கரையிலிருந்தே, போங்கள் என்று கையைக் காட்டினார். சிகிச்சை தவறியதால் நெஞ்சில் நீர் கட்டி, தண்ணீர் வற்றிய அன்று, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில் முச்சக்கர வண்டியிலேயே இறந்தார்.

5. மரண வீட்டின் முன் குழுவினர் பதாகை கட்டினர். "எமது குழுவின் முதுகெலும்பு" என்று அதில் எழுதியிருந்தது. அவருடைய மனைவி பொடிமெணிக்கா அதை வாசித்துவிட்டு, வெற்றிலைத் தட்டை ஏந்தி நின்ற என்னிடம், "உசிரோட இருக்கேக்க குழுவில ஒரு கதிரை குடுக்கேல்ல, இப்ப முதுகெலும்பாம். அவுத்துப் போடு தங்கச்சி" என்றார். அவிழ்த்தேன். அதற்காக என்மீது குழு முறைப்பாடு செய்துள்ளதாக அறிகிறேன். அந்த முறைப்பாடு உண்மையானது.

ஆகவே, அடுத்த மழைக்கு முன் பேருந்தை ஊருக்குள் வரச் செய்யுமாறும், குழுவில் பாதிப் பேராவது நோயாளராக இருக்க உத்தரவிடுமாறும் வேண்டுகிறோம். இடையில் ஒருவர் இறந்தால் புதியவரைத் தேடித் தங்கள் அலுவலகம் சிரமப்பட வேண்டியதில்லை. எமது ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை.

பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம், ஐயா. சங்கத்தின் பெயருக்கு அனுப்புங்கள். அன்று யார் இருக்கிறார்களோ அவர்கள் பிரித்து வாசிப்பார்கள்.

இடம்: எல்லகும்புக்வெவ
திகதி: 12.01.2019

இங்ஙனம்,
(ஒப்பம்) எச். எம். யசவதி
செயலாளர், தற்போது தலைவரும்