பதினேழு பற்கள்

அன்புள்ள அண்ணா,

உன் வண்டியில் கை வைத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் என்னைத் தெருக்கோடி வரை துரத்தியிருப்பாய்.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். அண்ணிக்குக் காலாப்பட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. நானோ விடியும் முன்பே கடலூருக்கு வேலைக்குப் போகிறவன்.

அம்மா காரைக்கால் பேச்சை எடுத்தாள். "அவ அம்மா வீட்லயே போய் இருக்கட்டும்டா. இங்க யாரு தெனமும் கொண்டு போய் வுடறது?"

மறுநாள் பார்த்தால் அண்ணி உன் வண்டியை மூடியிருந்த சாக்கை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு இத ஓட்டக் கத்துத் தர்றியா?"

எனக்கு லாஸ்பேட்டை மேடு நினைவுக்கு வந்தது. உனக்கும் நினைவிருக்கும். கல்யாணமான புதிதில் அண்ணியை அங்கே வண்டியில் உட்கார வைத்தாய். மூன்று முறை கிளட்சை விட்டார். மூன்று முறையும் வண்டி நின்றுபோனது. "உனக்கு இதுக்கெல்லாம் கை வராது, இறங்கு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவர் வண்டியைத் தொடவே இல்லை.

இந்த முறையும் அதேதான். மேட்டில் நின்றது. மறுபடியும் நின்றது. அண்ணி கைகளைப் பார்த்துக்கொண்டார்.

மூலக்குளத்தில், எல்லோரையும் பிரெஞ்சுக்காரர் மாதிரி 'முசியே' என்று மரியாதையாகக் கூப்பிடும் மெக்கானிக் கோவிந்தனிடம் கொண்டுபோனேன். அவர் செயின் மூடியைக் கழற்றி, இன்ஜின் பக்கத்துச் சின்னச் சக்கரத்தின் பற்களை விரலால் எண்ணினார்.

"பதினேழு. இன்னா முசியே, இது காலாப்பட்டு ரோட்ல பறக்கறதுக்குப் போட்டது. நின்ன எடத்துல இருந்து எப்படிக் கெளம்பும்?"

"அண்ணன் நல்லாத்தானே கிளப்புவாரு?"

"அவரு எங்க கிளப்பினாரு? ரெண்டு எட்டு காலால தள்ளிட்டு, அப்புறம்தான கிளட்ச வுடுவாரு!"

அந்த இரண்டு எட்டு. நம் தெருப் பையன்கள் சைக்கிளில்கூட அதைச் செய்து பார்த்தார்கள். நாங்கள் அதை ஸ்டைல் என்றல்லவா நினைத்தோம்? உன் கால் நீளம். அண்ணிக்கு விரல் நுனிதான் தரையைத் தொடும்.

கிளம்பும்போது இழுவை கூட, பின்னால் இருக்கும் பல்சக்கரத்தில் பற்களைக் கூட்டலாம். ஆனால் அவ்வளவு பெரிய பல்சக்கரம் இங்கே கிடைப்பதில்லை. முன்னால் ஒரு பல் குறைத்தால், பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டியதற்குச் சமம் என்றார் கோவிந்தன். எனக்குப் பேராசை. பதினான்கு போடச் சொன்னேன். வண்டி புலி மாதிரிப் பாய்ந்தது. ஆனால் நேர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுப்பதற்குள் இன்ஜின் அலற ஆரம்பித்தது. தினமும் அத்தனை தூரம் அப்படிப் போனால் இன்ஜின் தாங்காது. கழற்றினோம்.

பதினைந்து. செயினில் தொய்வு விழுந்தது. பின் சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் தள்ளி இறுக்கினார். உன் வேகம் போய்விட்டது, அண்ணா. அதை மறைக்க விரும்பவில்லை. ஒன்றை விட்டுத்தான் ஒன்றை வாங்க முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே மேடு. அண்ணி கிளட்சை விட்டார். வண்டி நிற்கவில்லை. மேட்டின் தலை வரை போய், வளைந்து, திரும்பி வந்தார்.

நான் கை தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இறங்காமலே கேட்டார்.

"அப்போ தப்பு என் கைல இல்லியா, தம்பி?"

இதற்காகத்தான் இந்தக் கடிதம். இது உனக்கு அப்போதே தெரியுமா? வண்டி கிளம்பாததால்தான் தள்ளுகிறோம் என்று உன் கால்களுக்காவது தெரிந்திருக்குமே? தெரிந்துகொண்டே சிரித்தாயா? தெரியாமல் சிரித்தாய் என்று நினைத்துக்கொள்ளத்தான் பிடிக்கிறது. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. நான் சிரித்ததற்கு எந்தக் காரணமும் இல்லை. நீ சிரித்தாய், சிரித்தேன்.

இப்போது தினமும் வெள்ளைக் கவுனோடு ஆறரைக்குக் கிளம்புகிறார். சத்தம் தேயும் வரை அம்மா வாசலில் நிற்கிறாளாம். காரைக்கால் பேச்சு இல்லை.

உன் பதினேழுக்கு எண்ணெய் தடவி ஆணியில் மாட்டியிருக்கிறேன். தூக்கிப் போட மனம் வராது. ஆனால் அண்ணி ஓட்டும் வரை அது வண்டியில் ஏறாது. தெருவில் யாராவது உன் இரண்டு எட்டைப் பற்றிப் பேசினால், அது எதற்காக என்பதைச் சொல்வேன். அண்ணி இருக்கும்போதே சொல்வேன்.

அன்று மேட்டில் உன்னோடு சேர்ந்து சிரித்த
உன் தம்பி