அசனத்துக்கு அப்பா வரைந்த படம்

லோத்குண்டா,
அக்டோபர் 14

அன்பு மகள் பிளெசிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம் என்று தயங்காமல் எழுத இந்த வாரம்தான் முடிகிறது. அந்தக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். ‘வீடியோவில் என்னைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நான் வெளிநாடு வந்ததில் இன்னும் கோபம்தானே’ என்று போன வாரம் அழுதாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீ அனுப்பிய டேப்லெட்டில், அந்தப் பேனாவாலேயே எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வாரம் மூன்று நாள் ஹப்சிகுடாவுக்குப் பிசியோதெரபிக்குப் போய்க் கால் தேறிவிட்டது, வலது கையும் பேச்சும்தான் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, ஆனால் வாய் திறந்தால், இந்த ஊர்க்காரர்கள் ‘ஆமாம்’ என்பதற்குச் சொல்கிற ‘ஹவ்’ ஒன்றுதான் வருகிறது. பாளையங்கோட்டையில் பிறந்த மனுஷனுக்கு மிஞ்சியது இந்த ஊர்ச் சொல்தானா என்று கேலி செய்தால் அதற்கும் ‘ஹவ்’. இதற்குள் அறுப்பின் பண்டிகை அசனம் நெருங்கிவிட்டது. சபையார் முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட அடுப்பு எங்கே, பந்தி எங்கே, முதியவர்களுக்கு நாற்காலி எங்கே என்று இருபத்திரண்டு வருஷமாக அப்பாதானே நின்று நடத்துகிறார், எல்லாம் வாய்ச்சொல், ஒரு காகிதம் கிடையாது. கமிட்டிச் செயலாளர் ஷெர்வின் வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் அங்கிள் ரெஸ்ட் எடுக்கட்டும் ஆன்ட்டி, கேட்டரிங்கில் சொல்லிவிடுகிறோம் என்றான். அன்பாகத்தான் சொன்னான், ஆனால் அப்பா அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலையில் டேப்லெட்டை இழுத்து வைத்துக்கொண்டார். நீ ஆபீஸில் பிரசன்டேஷன் போடுகிற அதே சாப்ட்வேர்தான், மேலே ‘டிரா’ என்று இருக்கிறதே, அதில் பேனாவைத் தேர்ந்தெடுத்து இடது கையால் வரைய ஆரம்பித்தார். வட்டம் போட்டால் நசுங்கிய சொம்பு மாதிரி வரும், அடுத்த நொடி அதுவே அழகான வட்டமாகிவிடும், அது அண்டா. கோணல் கோடுகள் நேராகிப் பந்தியாயின. அடுப்புக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். நான் சும்மா இருக்காமல் ஒரு முனையைத் திருத்தப் போய் அழிப்பானால் தொட்டேன், ஒரு பந்தி முழுக்கக் காணாமல் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ நிதானமாக, பின்னால் வளைகிற அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினார், பந்தி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் சிரித்தார். முப்பத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனை எனக்கு முழுக்கத் தெரியவில்லையே என்று பெருமையாக இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியாருக்குக் காட்டினோம். படம் சரி, எது முதலில், எது அடுத்தது என்று யார் சொல்வது என்று ஷெர்வின் கேட்டான், நியாயமான கேள்விதான். அப்பா அதே ‘டிரா’வில் ‘ரீப்ளே’யைத் தொட்டார். வரைந்ததெல்லாம் மறைந்து, அவர் போட்ட வரிசையிலேயே ஒவ்வொரு கோடாகத் திரும்ப வந்தது. அடுப்பு, தண்ணீர், நாற்காலிகள், பந்திகள், கடைசியாகப் பரிமாறுகிறவர்கள் நடக்கும் வழி. ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் சொல்லி முடித்தார். ஷெர்வின் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கதான் அங்கிள் நடத்தணும் என்றான். இவர் ‘ஹவ்’ என்றார்.

ஆனால் அடுப்புக்கும் முன்னால் ஒன்று வந்தது பிளெசி. வெறும் வெள்ளைப் பக்கத்தில், ஆலய வளாகத்து வேப்பமரம் நிற்கிற மூலையில், ஒரே ஒரு பச்சை இலை. முடிந்த படத்தில் பந்திகளுக்குள் அது தெரியவே இல்லை. அது என்ன என்று எல்லோரும் கேட்டார்கள், எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னதில் நீ பசி தாங்கமாட்டாய் என்று உன்னை அங்கே முதல் இலை போட்டு உட்காரவைத்து, அந்த இலையிலிருந்துதான் பரிமாறத் தொடங்குவார். நீ போய் ஆறு வருஷமாகியும் பந்தி அங்கிருந்துதான் தொடங்குகிறது, சபையார் அதை ஏதோ முறை என்று நினைத்திருக்கிறார்கள். அவர் முகத்தைத் திருப்புவது கோபத்தில் இல்லை மகளே. உன் பெயர் வாயில் வரவில்லை என்ற வெட்கம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். படத்தையும் சேர்த்து அனுப்புகிறேன், பார்த்துவிட்டு மூடிவிடாதே, ரீப்ளேயைத் தொடு. அசனம் நவம்பர் இரண்டாம் ஞாயிறு. வா என்று நான் எழுதவில்லை, உனக்கு இலை போட்டாயிற்று என்று மட்டும் சொல்கிறேன்.

என்றும் உன் நினைவில்,
அம்மா
ஐவி யேசுதாஸ்