பம்பையைத் தொட்டுவிட்டேன்

அப்பாவுக்கு, புனேயிலிருந்து சோபனா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தோள்வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். பாட்டுப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை என் பாட்டுக்கு லேப்டாப்பில் தாளம் சேர்த்தேன். அந்த மென்பொருளில் ஊர் உலகத்துக் கொட்டெல்லாம் இருக்கிறது, பம்பை மட்டும் இல்லை. போன மாரியம்மன் பண்டிகையில் நீங்கள் வாசித்ததை நான் எடுத்த வீடியோவிலிருந்து ஓர் அடியை வெட்டி, கீபோர்டின் ஒரு கட்டையில் ஏற்றினேன். தட்டினால் கும்மென்று பம்பை அதிர்ந்தது. கூடவே உங்கள் குரல்:

“பொட்டப்புள்ள பம்பையத் தொடாத!”

வீடியோ எடுத்தபடியே நான் கை நீட்டினேனே, அப்போது கத்தியது. அறைத்தோழி ஓடிவந்து, யார் திட்டுவது என்றாள். எங்கப்பா என்றேன்.

ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தால் மெஷின் மாதிரி இருக்கிறது. ஃபேனை நிறுத்திவிட்டு, மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று இரண்டு பக்கமும் தனித்தனியாக அடித்துக் காட்டுங்கள். அம்மா போனில் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பட்டும். அனுப்பாவிட்டாலும் என் பாட்டு நிற்காது.

உங்கள் குரலை வெட்டி எறிய ஒரு நொடி போதும். நான் வெட்டவில்லை. நீங்கள் தொடாதே என்கிறீர்கள், நான் மறுபடி தட்டுகிறேன். கம்பெனி பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பாட்டுக்கு வேண்டியது நாலே அடிதான் அப்பா. நேற்று நாற்பது தடவை தட்டினேன்.

உங்கள் மகள்,
சோபனா