மாதாவுக்கு மேலிருந்து பூ

ஏப்ரல் 14, 2008

கடைக்கு லீவு. அக்கா வீட்டுக்காரர் அருள்சாமி மாமா சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டார். அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் குடும்பமே அந்தக் கிரேனில்தான் தொங்குகிறது. பெட்டியில் எனக்கு ஒரு மோட்டார், பேட்டரி, ரிமோட், நாலு ப்ரொப்பெல்லர். கும்பாபிஷேகத்துக்கெல்லாம் ஹெலிகாப்டரில் பூத் தூவுகிறார்கள், நம் ஊர் மாதாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர் கவலை. "டிவி ரிப்பேர் பண்றவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா மாப்ள? தேர் பவனி அன்னிக்கு நம்ம பிளேன் பூ போடணும்" என்றார். போடலாம் என்றேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

ஏப்ரல் 19

தெர்மாகோல் உடம்பு முடிந்தது. மூக்கில் பூப்பெட்டி, அடியில் கதவு. முன்னால் இடமில்லாததால் ப்ரொப்பெல்லர் பின்னால்தான். பிளேனை இழுக்காது, தள்ளும். அப்படியே மாட்டி ஓட்டினால் மேசையில் பின்பக்கமாக நகர்கிறது! என் மனைவி ஜாய்ஸ் சிரித்துவிட்டாள். "உங்கள மாதிரியே இருக்கு."

மோட்டாரின் மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றினேன். ப்ரொப்பெல்லரையும் எழுத்துள்ள பக்கம் முன்னால் பார்க்கும்படி திருப்பி மாட்டினேன். இப்போது தள்ளுகிறது.

ஏப்ரல் 22

ப்ரொப்பெல்லர் பத்து அங்குலம் என்பதால் பிளேடு வால் குச்சியில் இடிக்கிறது. இரண்டு முனையிலும் அரை அங்குலம் வெட்டினேன். மோட்டார் தண்டு தடிமனாக இருக்கிறது, நடு ஓட்டையையும் டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. ஊசியில் கோத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தாழ்கிறது. உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தேன். ஓரம் கத்தி மாதிரி ஆகிவிட்டது.

ஏப்ரல் 23

முழு வேகத்தில் வைத்தேன். வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். ஒரு பிளேடு அடியோடு பிய்ந்து போய்க் காலண்டரைக் கிழித்துச் சுவரில் குத்தி நிற்கிறது. ஜாய்ஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் இருக்கும்.

"இது ஆளக் கொல்லும்ங்க. வேணாம்."

ஓட்டையைப் பெரிதாக்கியதில் நடுப்பகுதி மெலிந்துவிட்டது. அதுதான் காரணம் என்று பார்த்ததுமே தெரிந்தது. மோட்டார் ஆடிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

ஏப்ரல் 27

பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டார். "ஜனங்க தலைக்கு மேல விடப் போறீங்க. யாரு பொறுப்பு?" மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் பொறுப்பு ஃபாதர்." எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

மே 3

அறுவடை முடிந்த வயலில் பறந்தது. பறந்தே விட்டது! கதவைத் திறந்ததும் ரோஜா இதழெல்லாம் நேராகக் கீழே. மாமா துண்டைச் சுற்றிக்கொண்டு ஆடினார். அக்கா விண்ணரசி மட்டும் முகம் சுளித்தாள். "உதிரிப்பூவ எழவுக்குத்தான் ரோட்டுல எறைப்பாங்க. மாதாவுக்கா?" மாமா அதட்டினார், "தூவுறதுன்னா உதிரிதான்டி."

இறங்கும்போது வரப்பில் மோதி ப்ரொப்பெல்லர் போய்விட்டது. இரண்டாவதை வெட்டும்போதே கெடுத்திருந்தேன். ஆக, மீதி ஒன்று.

மே 9

கடைசி ப்ரொப்பெல்லரைத் தயார் செய்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடு ஓட்டையிலிருந்து பிளேடின் அடிவரைக்கும் முடி மாதிரி ஒரு கோடு. உப்புத்தாள் கீறலா? விரிசலா? நகத்தால் நெருடினேன் — மாட்டுகிறது.

மாமா நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். இப்போது போய் முடியாது என்றால் என் மானம் என்னாகும்? ஒரு சொட்டுப் பசை விட்டேன். கோடு தெரியவில்லை. ஐந்து நிமிஷம் தாங்கினால் போதும். ஐந்தே நிமிஷம்.

ஜாய்ஸுக்குச் சொல்லவில்லை.

மே 10

மாமாவுக்குக் கண்ணில். திருச்சிக்குக் கொண்டுபோகிறோம்.

மே 12

எழுதிவிட வேண்டும்.

ஐந்தரைக்குத் தேர் கிளம்பியது. பூப்பெட்டியை அக்காதான் நிரப்பிக் கொடுத்தாள். நான் திறந்து பார்க்கவில்லை. தேருக்கு மேலே வந்ததும் கதவைத் திறந்தேன். இதழ் விழவில்லை, வாழைநாரில் தொடுத்த மல்லிகைச் சரம் நீளமாகத் தொங்கியது. ஒரு முனை கதவில் சிக்கிக்கொண்டது, மறுமுனை காற்றில் பின்னால் எழும்பி ப்ரொப்பெல்லருக்குள் போனது. சத்தம் மாறியது. ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தது. மாமா செல்போனில் படம் பிடித்தபடி அண்ணாந்து நின்றார்.

பிய்ந்த பிளேடு வலது கண்ணில். ஐயோ மாதாவே, நான் என்ன பண்ணுவேன்.

பிளேன் வயலில் விழுந்தது. எல்லோரும் மாமாவிடம் ஓட, நான் ஏன் பிளேனிடம் ஓடினேன்? நார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒடிந்த இடம் அந்தக் கோடுதான். பசை பளபளத்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மாமாவிடம் போனேன்.

மே 13

பையில் இருந்ததை வாய்க்கால் சேற்றில் மிதித்துப் புதைத்தேன்.

மே 21

பார்வை வராதாம். மாமாவே சிங்கப்பூருக்கு போன் போட்டுப் பேசினார். "ஒத்தக் கண்ணோட கிரேன்ல ஏத்த மாட்டாங்க மாப்ள" என்றார், ஏதோ என்னைச் சமாதானப்படுத்துவது போல. டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. ஃபாதர் என் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மே 25

காலையில் அக்கா வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"எல்லாரும் நார் சுத்தித்தான் ஒடிஞ்சுதுங்கறாங்க. எனக்கு மனசு அறுக்குது. நீ செஞ்சவன், உனக்குத்தான் தெரியும். மறைக்காம சொல்லு தம்பி. என் பூவாலதானே?"

ஜாய்ஸ் அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவருகிட்ட நானே சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத, உனக்கு எதுக்கு இந்தப் பாவம்" என்றாள். போகும்போது ஜாய்ஸிடம், தம்பி இளைத்துப் போய்விட்டான், சரியாகச் சாப்பிடச் சொல் என்றாளாம்.