நாற்பத்தோராம் விதி

மார்ச் 4
பழைய அரசு விதிகளைக் களையெடுக்கும் குழுவில் சேர்ந்து ஒரு மாதம். இன்று பதினெட்டு விதிகளை அடித்து நீக்கினேன். குதிரை வண்டிக்கு விளக்கு வேண்டும் என்ற விதி இன்னும் உயிரோடிருக்கிறது! சிரித்தோம்.

மார்ச் 5
விதி 41: சலவைக்கூடத்தில் துணி பிழியும் மெஷின் சுற்றுவது நிற்கும்வரை மூடி திறக்காதபடி பூட்டு வேண்டும்.
"முப்பது ஆண்டுகளாக ஒரு விபத்தும் பதிவாகவில்லை, தேவையற்றது" என்று எழுதினேன். இயக்குநர் கூட்டத்தில் உரக்க வாசித்தார். "தம்பி கத்தி மாதிரி எழுதுறான்யா." காது சூடாயிற்று. சந்தோஷத்தில்தான்.

மார்ச் 19
விதி நீக்கம் அரசிதழில். என் வாக்கியம், எழுத்து மாறாமல்.

ஏப்ரல் 11
வீட்டுச் சாவி வாங்க அக்கா வேலை செய்யும் சலவைக்கூடத்துக்குப் போனேன். மெஷின் சுற்றும்போதே கையை விட்டுத் துணியை உருவுகிறாள்.
"என்னக்கா இது?"
"பூட்டைக் கழட்டிட்டாங்கடா. லோடுக்கு நாலு நிமிஷம் மிச்சமாம்."
முதலாளி சிரித்தார். "முப்பது வருஷமா ஒரு விபத்துகூட இல்லியாம் தம்பி. அரசாங்கமே சொல்லுது."
சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12
அந்த விதியின் கோப்பைத் திறந்தேன் — இன்றுதான். விதி வருவதற்கு முன் ஆறு ஆண்டுகளில் பதினேழு பேர். விரல், மணிக்கட்டு, ஒருவருக்குத் தோள்வரை. விதி வந்தபின் பக்கங்கள் வெறுமை. அந்த வெறுமையைத்தான் காரணமாகக் காட்டியிருக்கிறேன். படிச்ச மடையன்.

ஏப்ரல் 15
இயக்குநரிடம் சொன்னேன்.
"கோப்பைப் பாக்காமலா எழுதினே?"
"ஆமா சார்."
"வெளியே சொல்லாதே. ஒரு வருஷம் போகட்டும், பாத்துக்கலாம்."
நிம்மதியாக இருந்தது. அதுதான் கேவலம்.

ஏப்ரல் 20
அக்காவிடம் ஒப்புக்கொண்டேன்.
"நீயா? போடா."
பிறகு, துணி மடித்துக்கொண்டே: "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா. பத்து வருஷமா அந்த மெஷின் முன்னாடிதானே நிக்கிறேன்."
திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 22
துறைச் செயலாளருக்கு மனு. முதல் வரி: "கோப்பைப் படிக்காமல் பரிந்துரைத்தேன்." பெயர், பதவி, கையெழுத்து. அனுப்பிவிட்டேன்.

மே 9
குழுவிலிருந்து நீக்கம். தபால் பிரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மனு "பரிசீலனையில்".
அக்கா மட்டும் மெஷின் நிற்கும்வரை காத்திருக்கிறாளாம். மற்றவர்கள் அவளை 'மகாராணி' என்கிறார்களாம்.

ஜூன் 3
தபாலில் ஒரு விபத்து அறிக்கை. வேறு ஊர்ச் சலவைக்கூடம். பெண், வயது இருபத்தாறு. இடது கை, மூன்று விரல்கள்.
மேலே அனுப்பினேன். மாலையில் செயலாளரின் உதவியாளர் போன் செய்தார். விதி திரும்ப வருகிறதாம். "இப்பத்தான் சார் உங்க மனுவுக்கு பலம் வந்திருக்கு." வாழ்த்துகிற குரல்.
நன்றி என்று சொல்லியிருக்கிறேன்.